கம்பியா, ஆவியா, லேசரா?

"இன்னும் ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு மறுக்கா வாங்க சார். இது பத்தாது," என்றாள் அந்த டெக்னீஷியன் பெண்.

பங்காருவுக்கு மானமே போயிற்று. நிமிஷத்துக்கு நானூறு லிட்டர் தண்ணீரை மேட்டுக்குத் தள்ளுகிற பம்புகளை வார்த்து, பொள்ளாச்சியிலிருந்து பவானி வரைக்கும் தோட்டம் தோட்டமாக மாட்டிவிட்ட மனிதர் அவர். அவரைப் போய் ஒரு புனல் வைத்த மெஷின் முன்னால் நிறுத்தி, ஒண்ணுக்குப் போகிற வேகத்தைப் படம் போட்டுப் பார்த்தால் எப்படி இருக்கும்? படமாவது ஒழுங்காக வந்ததா? ஒரு ஏற்றம் இல்லை, ஒரு மேடு இல்லை. கோடு தரையோடு தரையாக இழுத்துக்கொண்டே போய் நடுவில் இரண்டு இடத்தில் நின்றும் விட்டது.

"நொடிக்கு ஆறு மில்லி," என்று படித்தார் டாக்டர் நந்திதா.

"மோட்டார்ல கோளாறா, பைப்புல கோளாறா அம்மணி?" என்று கேட்டார் பங்காரு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ராமாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பைப்புலதானுங்க. புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைக்குது. புற்றுநோயெல்லாம் இல்லை, பயப்படாதீங்க, வயசானா வர்ற வீக்கந்தான். ஆனா மாத்திரை கேக்கலை. இனி ஆப்ரேசன்."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் தலையை ஆட்டிவிட்டு எழுந்திருப்பார்கள். பங்காருவும் எழத்தான் பார்த்தார். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "எந்த மாதிரி ஆப்ரேசனுங்க?" என்று கேட்டுவிட்டார். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

டாக்டர் கோபிச்செட்டிபாளையத்துப் பெண். பொறுமையாகச் சொன்னார். "சுரப்பியை ஒரு சாத்துக்குடின்னு வெச்சுக்குங்க. நடுவுல இருக்கற ஓட்டைதான் யூரின் போற வழி. சுளை பெருத்துப் போயி அந்த ஓட்டையை நெரிக்குது. கரண்ட் கம்பில பண்றதுன்னா, வழிக்குள்ளயே போயி சுளையைக் கொஞ்சங் கொஞ்சமாச் சுரண்டி எடுக்கறது. ரொம்ப வருசமா இருக்கற நம்பிக்கையான முறை. லேசர்னா, தோலை விட்டுப்போட்டுச் சுளையை முழுசாக் கழட்டி, பொடியாக்கி உறிஞ்சி எடுக்கறது. ரத்தம் கம்மியாப் போகும். ஆவின்னு ஒண்ணு இருக்குது. சுளைக்குள்ள நீராவியை ஏத்தினா அது மெல்லச் சுருங்கும். சின்ன வேலைதான், ஆனா பலன் முழுசாத் தெரிய மாசக்கணக்குல ஆகும். எதுலயும் வயித்தைக் கிழிக்கறதில்லை."

பங்காருவின் கண்ணில் பல்பு எரிந்தது.

"சுரண்டறதுன்னா லேத்துல ஓட்டையைப் பெருசாக்கப் போரிங் ஓட்டற மாதிரி! கழட்டறதுன்னா, வார்ப்புக்குள்ள இருக்கற கோர் மணலை அப்படியே தட்டி எடுக்கற மாதிரி! சரிங்களா?"

"ஏறக்குறைய."

"லேசரு எத்தனை வாட்ஸுங்க? எந்த ஊருத் தயாரிப்பு?"

"சார், நீங்க மெஷின் வாங்கப் போறதில்லீங்க. உங்க சைசுக்குக் கம்பியும் நல்லாருக்கும், லேசரும் நல்லாருக்கும். பண்ற டாக்டருக்கு எது கைவந்ததோ அதுல பண்ணிக்கறதுதான் முக்கியம். எனக்கு லேசர். வைகாசில பொண்ணு கல்யாணம்னு சொன்னீங்க. இப்பவே பண்ணினாத்தான் அதுக்குள்ள தேறி உக்காருவீங்க. இந்த வாரமே வந்துருங்க."

"ஆகட்டுங்க," என்றார் பங்காரு.

இந்த 'ஆகட்டுங்க' பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கோயமுத்தூர்ப் பக்கத்தில் ஒருவர் முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொல்வது கன்னத்தில் அறைவதற்குச் சமம். அதனால் சம்மதம் என்றாலும் ஆகட்டுங்க, யோசிக்கிறேன் என்றாலும் ஆகட்டுங்க, ஆளை விடு சாமி என்றாலும் ஆகட்டுங்கதான். கேட்கிறவர்தான் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

காரில் வரும்போது ராமாமணி சொன்னாள். "அந்தப் புள்ள சொன்னபடி சட்டுப்புட்டுன்னு பண்ணிக்குங்க. முகூர்த்தத்துல ஒண்ணரை மணி நேரம் அசையாம உக்காரணும். உங்களால இப்ப அரை மணி நேரம் உக்கார முடியுதா? முடியாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. எந்தம்பி உக்காந்து தாரை வார்த்துக் குடுக்கட்டும்."

பங்காருவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே பெண் சாய்ப்ரியா. அவள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்று அவள் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறவர். அந்த இடத்தில் மச்சினன் சசிதர் பட்டு வேட்டி கட்டி உட்காருவதா? செத்தாலும் நடக்காது.

"நான்தான் உக்காருவேன்! எம் பொண்ணு, நான்தான் குடுப்பேன்!" என்று கத்தினார். பிறகு, "கொஞ்சம் வண்டியை ஓரமா நிறுத்து," என்று டிரைவரிடம் சொல்லி இறங்கிப் போனார்.

அந்த வாரமே போயிருந்தால் கதையே இல்லை. ஆனால் ஏற்கெனவே ஓட்டினவன் ஒருத்தனைக் கேட்காமல் ஒரு டிரில்லிங் மெஷின்கூட வாங்காத ஊர் அது. மெஷினுக்கே அப்படியென்றால், உடம்புக்குள் போகிற சாமானுக்கு எத்தனை பேரைக் கேட்க வேண்டும்? மறுநாள் காலையில் ரேஸ்கோர்ஸ் நடையின்போது, கூட நடக்கிற இரண்டு பேரிடம் பங்காரு தயங்கித் தயங்கி விஷயத்தை அவிழ்த்தார்.

ஒருவர் லட்சுமணசாமி, மோட்டார் காயில் கட்டியே மூன்று மாடி வீடு எழுப்பியவர். இன்னொருவர் நஞ்சுண்டன், சாயப்பட்டறை வைத்து முப்பது வருஷம் பாய்லரோடு மல்லுக்கட்டியவர்.

"அட, இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நடக்கறீங்க? நான் பண்ணி நாலு வருசமாச்சு!" என்றார் லட்சுமணசாமி.

"நீங்களா? சொல்லவே இல்லீங்களே!"

"தண்டோராவா போட முடியும்? மெட்ராசுக்குப் போயிக் கமுக்கமாப் பண்ணிட்டு வந்தேன். கம்பிதானுங்க. கரண்ட்டு இல்லாம இந்த லோகத்துல எந்தக் காரியம் நடக்குது? சர்ருன்னு சுரண்டி, அதே கரண்ட்டுல ரத்தத்தையும் அடைச்சுருவாங்க. இப்ப நான் போனா ஃபயர் சர்வீஸ் வண்டி தோத்துரும்!"

"சுரண்டறதாமா, சுரண்டறது! இதென்ன அடிப்பிடிச்ச குண்டாவா?" என்று நஞ்சுண்டன் குறுக்கே பாய்ந்தார். "பங்காருண்ணா, ஆவிதாங்ணா. நான் பெங்களூருல பண்ணிக்கிட்டேன். உள்ள போனேன், புஸ்ஸுன்னு ஒரு சத்தம், வெளிய வந்தேன், தோசை சாப்பிட்டேன். ஆவிக்கு மிஞ்சின சக்தி கிடையாதுங்ணா. ரயிலையே ஓட்டுச்சு!"

பங்காருவுக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை பெரிய அனுபவசாலிகள் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறார்கள்! ஒருவரிடம் "ஆகட்டுங்க" என்றார். மற்றவர் முகம் வாடியது பொறுக்காமல் அவரிடமும் "ஆகட்டுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தால் சோபாவில் சசிதர். லேசர் வெட்டு மெஷின் விற்கிறவன். அக்காள் புருஷனை வாய் நிறையப் 'பாவா' என்று கூப்பிடுவான்.

"பாவா, அக்கா சொல்லுச்சு. யோசனையே வேண்டாம், லேசர். ஹைதராபாத்துல நானே பண்ணிக்கிட்டேன். அக்காவுக்குக்கூட இன்னைக்குத்தான் சொல்றேன். காலைல போனேன், மத்தியானம் பிரியாணி. இரும்புத் தகட்டையே வெண்ணெயாட்டம் அறுக்குது, உங்க சுரப்பி எம்மாத்திரம்? இப்ப நான் மணவறைல என்ன, சினிமாத் தியேட்டர்ல இடைவேளைக்குக்கூட எந்திரிக்க மாட்டேன்!"

அந்தக் கடைசி வார்த்தை பங்காருவின் நெஞ்சில் ஊசியாக ஏறியது. ஆனால் வீட்டுக்கு வந்த மச்சினன். "ஆகட்டும் மாப்ளே," என்றார்.

மூன்று பேரும் சும்மா இருந்தார்களா? மூன்று பேரும் கையோடு போய்க் கோயமுத்தூரிலேயே ஆளுக்கொரு ஆஸ்பத்திரியில் பங்காருவின் பெயரைப் பதிந்துவிட்டார்கள். எல்லோர் வீட்டுச் சுவரிலும் தொங்குவது ஒரே காலண்டர். அஷ்டமி போக, நவமி போக, கரிநாள் போக, வளர்பிறையில் வாகாக இருந்தது அடுத்த புதன்கிழமை ஒன்றுதான். மூன்று பேரும் அதையே பிடித்தார்கள். சனிக்கிழமை மூன்று ஆஸ்பத்திரியிலிருந்தும் வரிசையாகப் போன் வந்தது. புதன் காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு வந்துவிட வேண்டுமாம்.

"ஒரு ஒடம்பை மூணு ஆஸ்பத்திரிக்கு எப்படீங்க அனுப்பறது? பார்ட் பார்ட்டாக் கழட்டியா?" என்றாள் ராமாமணி. "எடுத்துச் சொல்லி ரெண்டு பேரை நிறுத்துங்க."

"எப்படிச் சொல்றது? மனசு நோகாதா?"

யோசித்து யோசித்து லட்சுமணசாமிக்குப் போன் போட்டார். சர்க்கரை ஏறிவிட்டது, இப்போதைக்கு ஆப்ரேஷன் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாக ஒரு பொய். பொய் சொல்லி அரை மணி ஆகவில்லை, லட்சுமணசாமி வாசலில் நின்றார். கையில் ஒரு தூக்குவாளி நிறையப் பாகற்காய்ச் சாறு.

"புதனுக்குள்ள சர்க்கரையை எறக்கிப் போடலாம். நானாச்சு. குடிங்க!"

குடித்தார். கூடவே ஒரு சொம்பு வெந்தயத் தண்ணீர். அன்றைக்கெல்லாம் பங்காரு பாத்ரூமிலேயே குடியிருந்தார். ஆனால் உள்ளே போனதில் கால்வாசிகூட வெளியே வரவில்லை.

அடுத்தது நஞ்சுண்டன். "என்னுங்க பண்றது, மச்சினன் ஒரே பிடியா லேசர்ங்கறான். ஊட்டுக்காரி தம்பி. மீற முடியலை," என்றார். நியாயமான சாக்குதான். நஞ்சுண்டன் "அப்படீங்களா," என்று வைத்துவிட்டு, நேராகச் சசிதருக்கே போன் போட்டுவிட்டார். சசிதர் அதை ஸ்பீக்கரில் போட்டு அக்காவுக்கும் பாவாவுக்கும் நடுவில் வைத்தான்.

"ஏனுங்க, லேசர் மெஷின் விக்கறீங்கங்கறதுக்காக மனுசனையும் தகடாட்டம் வெட்டலாமுங்களா?"

"நீங்க மட்டும் என்னுங்க? எங்க பாவாவை இட்லியாட்டம் வேக வெக்கப் பாக்கறீங்க!"

"மரியாதையாப் பேசுங்க!"

"மரியாதையாத்தானுங்க பேசறேன்! நீங்க ஒரு முட்டாளுங்க!"

"நீங்கதானுங்க மடையனுங்க! வெச்சுப்போடுங்க போனை!"

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரையும் வீட்டுக்கு அழைத்துக் காபி கொடுத்து, நேருக்கு நேர் பேசித் தீர்த்துவிடலாம் என்று பங்காரு முடிவு செய்தார். அதைவிட மோசமான யோசனை அவருக்கு அதுவரை தோன்றியதில்லை.

கூடத்தில் விவாதம் கொடிகட்டிப் பறந்தது. லட்சுமணசாமி எழுந்து நின்று, "கம்பியை உள்ள விட்டு நாலு சுரண்டு சுரண்டினாத்தான் பாதை சுத்தமாகும்!" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஒரம்பரை வந்திருக்கறோம், உள்ள வரலாமுங்களா?"

வந்த உறவு சம்பந்தி சென்னகேசவன். கோபியில் அரிசி ஆலை முதலாளி. முகூர்த்தப் புடவை நிறம் கேட்டுப் போக மனைவியோடு சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறார். பங்காருவின் முகத்தில் ஈயாடவில்லை. சம்பந்தி வீட்டுக்கு இந்த விஷயம் தெரியவே கூடாது என்று கட்டிக் காத்து வந்தவர் அவர்.

"என்னமோ அடைப்புன்னு காதுல விழுந்துச்சே?" என்றார் சென்னகேசவன்.

"நம்ம பம்பு வார்க்கற பவுண்டரில ஒரு பைப் லைனுங்க," என்று ராமாமணி பாய்ந்து காப்பாற்றினாள்.

"எத்தனை வருசத்துப் பைப்பு?"

"அறுபத்தாறு," என்றார் நஞ்சுண்டன், யோசிக்காமல்.

"அடேங்கப்பா! இன்னுமா அதை வெச்சுட்டு மாரடிக்கறீங்க? பிடுங்கி எறிஞ்சுபோட்டுப் புதுசு மாட்டுங்க சம்பந்தி!"

பங்காரு கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"புதுசு மாட்ட வேண்டாம்னா, எங்க மில்லுல பழனியப்பன்னு ஒரு ஃபிட்டர் இருக்கறான். பெரிய சுத்தியல்ல நாலு போடு போட்டான்னா எந்த அடைப்பும் நிக்காது. புதன்கிழமை காலைல அனுப்பி வெக்கறேன்."

"ஆகட்டுங்க," என்றார் பங்காரு. அவருக்கே தன் குரல் எங்கிருந்தோ கேட்டது. புதன்கிழமைக்கு இப்போது நான்காவதாக ஒரு சுத்தியலும் சேர்ந்துவிட்டது.

கிளம்பும்போது சம்பந்தியம்மாள் சிரித்த முகமாகச் சொன்னாள். "ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க அண்ணா. எங்க ஊட்டு வழக்கம், தாரை வார்க்க உக்காந்தவங்க நடுவுல எந்திரிக்கப்படாது. எந்திரிச்சா எங்க மாமியாருக்கு ஆகவே ஆகாது."

அவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் பங்காரு மூன்று தடவை எழுந்து போய் வந்திருந்தார். மாடியில் டேங்க் நிறைகிறது, வாசலில் கூரியர், போனில் சிக்னல் இல்லை என்று தடவைக்கொரு காரணம். அவர்கள் போனதும் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, "எனக்குப் பயமா இருக்குது ராமா," என்றார். கல்யாணமான முப்பத்தைந்து வருஷத்தில் அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

"பூக் கேட்டுருவோமுங்க," என்றாள்.

பெண் கொடுப்பதானாலும் போர் போடுவதானாலும் பூக் கேட்டுத்தான் அந்தக் குடும்பத்துக்குப் பழக்கம். பூவைப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் போட்டு, பூசாரி கண்ணை மூடிக்கொண்டு எதை எடுக்கிறாரோ அதுதான் உத்தரவு. மனிதன் சொன்னால்தானே மனசு நோகும்? அம்மன் சொன்னால் யார் கோபித்துக்கொள்ள முடியும்? பங்காருவுக்கு உயிர் வந்தது. இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை என்று துள்ளிக் குதித்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரே காரில் எல்லோரும் அவிநாசிக்கு அந்தப் பக்கம் இருக்கிற குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். சசிதர் ஓட்டினான். வழியெல்லாம் பங்காருவுக்காக வண்டி நின்றது. நின்ற இடமெல்லாம் மற்ற மூன்று பேரும் இறங்கினார்கள்.

"நீங்க எதுக்குங்க சிரமப்படறீங்க?" என்றார் பங்காரு.

"உங்களைத் தனியா விட முடியுமுங்களா? தொணைக்கு வாரோம்," என்றார் லட்சுமணசாமி. என்ன மரியாதை, என்ன பாசம்! பங்காருவுக்கு மனசு நிறைந்தது.

செவ்வரளி கம்பிக்கு. நந்தியாவட்டை லேசருக்கு. மஞ்சள் செவ்வந்தி ஆவிக்கு. மூன்றையும் வாழையிலையில் கட்டிப் பூசாரியிடம் கொடுத்தார்கள். என்ன காரியம் என்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அவர் கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். செவ்வரளி.

"அம்மா தாயே! கரண்ட்டு!" என்று லட்சுமணசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஒரு தடவை எடுத்தாச் சரியில்லீங்க," என்றான் சசிதர். "மூணு தடவை எடுக்கறதுதான் முறை."

பிரித்ததைத் திரும்பக் கட்டிக் கலந்து போட்டு எடுத்ததில், இரண்டாம் தடவை நந்தியாவட்டை வந்தது. சசிதர் விசில் அடிக்கப் போனவன் சன்னிதி என்று வாயை மூடிக்கொண்டான். மூன்றாவது எடுப்பதற்கு முன்னால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பூசாரி பிரித்தார். மஞ்சள் செவ்வந்தி சிரித்தது.

பங்காரு அம்மனை அண்ணாந்து பார்த்தார். அவளும் கொங்கு நாட்டுக்காரிதானே! யார் மனசும் நோகாமல் மூன்று பேருக்கும் ஆகட்டுங்க என்று சொல்லிவிட்டாள்.

"மறுக்கா எடுங்க!" என்று மூன்று பேரும் பூசாரியைச் சூழ்ந்துகொண்டபோது, பங்காரு கோயிலுக்குப் பின்பக்கம் போனார். போனவர் வரவில்லை. ராமாமணி தேடிக்கொண்டு போனால், சுவரில் கையூன்றி நிற்கிறார். வேர்த்து ஊற்றுகிறது. அடிவயிறு பானையாக உப்பியிருக்கிறது.

"ராமா... ஒரு சொட்டுக்கூட வர மாட்டேங்குது. சுத்தமா அடைச்சுக்கிச்சு!"

அப்புறம் ஒரே ஓட்டம்தான். பின் ஸீட்டில் பங்காரு துடிக்க, கார் கோயமுத்தூரைப் பார்த்துப் பறந்தது. பறந்த காருக்குள்ளும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

"எங்க டாக்டருகிட்டத் திருப்புங்க, கம்பி ரெடியா வெச்சிருக்காரு!"

"ஆவி ஆஸ்பத்திரி பக்கத்துலதானுங்க, இடதுல ஒடிங்க!"

"ஸ்டியரிங் எங்கிட்ட இருக்குது, லேசருக்குத்தான் போகும்!"

"வாயை மூடுங்கடா!"

ராமாமணிதான். கார் ஒரு கணம் குலுங்கியது. அந்த மூன்று பேரையும் அவர்கள் பெற்ற தாய்கூட 'டா' போட்டிருப்பாளா என்பது சந்தேகம். மூன்று பேரும் பெட்டிப் பாம்பாக அடங்கினார்கள். "நேரா அந்த நந்திதா புள்ளகிட்டப் போ!" என்றாள். சசிதர் அக்காள் சொன்னபடியே ஓட்டினான்.

டாக்டர் நந்திதா ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு குழாயை மெல்லச் செலுத்தினார். அடுத்த நிமிஷம் பங்காருவின் கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது. மற்றதும்தான்.

"தாயே, நீ நல்லாருக்கணும்! உன் வம்சம் நல்லாருக்கணும்!"

"அது இருக்கட்டுங்க. எந்த முறைன்னு முடிவு பண்ணிட்டீங்களா சார்? நீங்க ஆகட்டுங்கன்னு சொல்லிட்டுப் போயி ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு."

"நீங்க சுத்தியலை எடுத்துட்டு வந்தாலும் சரிங்க அம்மணி. உங்களுக்கு எது கைவந்ததோ அதையே பண்ணுங்க."

மூன்று ஆஸ்பத்திரிக்கும் சுத்தியல் ஃபிட்டருக்கும் அன்றைக்கே ராமாமணி போன் போட்டு, "வேண்டாமுங்க," என்று பச்சையாகச் சொன்னாள். சொல்லிவிட்டு ஆச்சரியமாகப் போனைப் பார்த்தாள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

இரத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்து வெள்ளிக்கிழமை லேசரில் ஆப்ரேஷன் நடந்தது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்திருந்தார்கள். திரையில் தெரிந்ததைப் பார்த்துக்கொண்டே பங்காரு, "அட! கோர் அப்படியே கழண்டு வருதுங்க! என்ன ஃபினிஷிங்!" என்று உற்சாகமாக வர்ணனை செய்தார். மயக்க டாக்டர் இரண்டு தடவை வாயை மூடச் சொல்ல வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயை எடுத்தார்கள். மத்தியானம் நர்ஸ் லோகப்பிரியா அவரை அதே மாதிரி ஒரு புனல் மெஷின் முன்னால் நிறுத்திவிட்டு வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம். பயந்து ஓடி வந்தாள் ராமாமணி. பங்காரு கதவைத் திறந்துகொண்டு, ஆஸ்பத்திரி அங்கியோடு, கையில் அந்தப் படத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கோடு மருதமலை மாதிரி ஏறி இறங்கியிருந்தது.

"பாரு ராமா! பாருங்கறேன்! இருபத்திரண்டு மில்லி! என் ஜென்மத்துல எந்தப் பம்புக்கும் இவ்வளவு சந்தோசப்பட்டதில்லை!"

"மெதுவாப் பேசுங்க, வார்டு பூராக் கேக்குது!"

"கேக்கட்டும்! ஊருக்கே கேக்கட்டும்! எம் பொண்ணுக்கு நான் தாரை வார்ப்பேன். ஒண்ணரை மணி நேரம் இல்லை, மூணு மணி நேரம் உக்காருவேன்!"

கொஞ்ச நாளைக்கு அவசரமும் எரிச்சலும் இருக்கும், கல்யாணத்துக்குள் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லிப் போனார். பங்காருவுக்கு அது காதில் ஏறவே இல்லை. கட்டிலில் உட்கார்ந்தவர் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார். மச்சினனைப் போய் மனசுக்குள் எத்தனை வைதிருப்பார்!

"லோகப்பிரியா கண்ணு, வெளிய எங்கூட வந்தவங்க மூணு பேரு இருப்பாங்க, கூப்பிடு. அவுங்க கையைப் பிடிச்சு ஒரு கும்பிடு போடணும். முன்னாலயே ஆப்ரேசன் பண்ணி அனுபவப்பட்டவங்க மூணு பேரு பக்கத்துல நின்னதாலதான் எனக்குத் தைரியமே வந்துச்சு. அதுலயும் எம் மச்சினன்! என்னால முடியாமப் போனா எனக்குப் பதிலா மணவறைல உக்கார அவந்தான் தயாரா இருந்தான்."

லோகப்பிரியா தலையணையைச் சரிசெய்துகொண்டே அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"ஆப்ரேசன் பண்ணினவங்களா? உங்க ஆப்ரேசன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு கேட்டதும் மூணு பேருமே கீழ அட்மிசன் போட்டுட்டாங்க சார், இப்பத்தான் ஸ்கேன் பார்த்தோம், மூணு பேரு சுரப்பிலயும் இதுவரைக்கும் யாரும் கையே வெக்கலீங்க. உங்க மச்சினருதான் பாவம், 'பாவா தேறாமப் போனா மணவறைல என்னை உக்கார வெச்சிருவாங்களோன்னு ரெண்டு வாரமாத் தூக்கமே இல்லம்மா'ன்னு தேம்பித் தேம்பி அழுதுபோட்டாருங்க!"